காவலருக்கு விசாரிக்கக் கற்றுக் கொடுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட ஒருநாள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பேசிய வழக்கறிஞர் சகோதரர், கைதாகும் மனிதனுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று அருமையாக விளக்கினார். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் விநோதமானது. ‘அடிமட்டக் காவலருக்குப் புலன்விசாரணைப் பயிற்சி.’ சாப்பாட்டு நேரத்தில் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: “ஹஜ்ரத், நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவே ஆளில்லை. போலீசுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி நாம் எதற்குப் பேச வேண்டும்?” நியாயமான கேள்விதான். பதிலாக ஒரு கடையின் கதையைச் சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்தது. ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. பஜாரில் ஒரு ஜவுளிக்கடை. இரவில் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி, கல்லாவை உடைத்து, விலையுயர்ந்த புடவைக் கட்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் கடைக்குள் ஐம்பது பேர். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். நானும் போனேன், என் கையும் அந்த மேசைமேல் பட்டது. பிறகு இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருவர் உட்கார இடமில்லை என்று கல்லாப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். இன்னொருவர் உடைந்த பூட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். நம் முதலாளியோ, ‘யாவார நேரம்’ என்று சொல்லி, கீழே கிடந்த ஓட்டுச் சில்லுகளைப் பையன்களை விட்டுப் பெருக்கச் சொன்னார். திருடனின் கால் பட்ட மண்ணும் அதோடு குப்பைக்குப் போனது.

பிற்பகல் மூன்று மணிக்குக் கைரேகை நிபுணர் வந்தார். பொடியைத் தூவினார். கொஞ்ச நேரம் பார்த்தார். “இதில் எத்தனை பேர் கை வைத்தீர்கள்?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. மோப்ப நாய் வந்தது; நேராக எதிர்த்த டீக்கடைக்கு ஓடி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அதோடு முடிந்தது.

ஏனென்றால், தடயம் எதுவும் இல்லை என்று ஆன பிறகு மிஞ்சியது ஒரே வழிதான். முதலாளியிடம் ‘யார் மேல் சந்தேகம்?’ என்று கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைச் சொன்னார். பத்தொன்பது வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. முதலாளி சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: “ரெண்டு தட்டு தட்டினா உண்மையைக் கக்கிடுவான் சார்.” சொன்னவர் நம்மவர். ஐந்து வேளை தொழுபவர்.

இரண்டு இரவு வைத்திருந்தார்கள். முதல் இரவிலேயே பையன் ஒப்புக்கொண்டான். புடவைகளைக் கபரஸ்தானில் புதைத்ததாகச் சொன்னான். தோண்டினார்கள், ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார்கள். கூட்டாளியிடம் கொடுத்ததாகச் சொன்னான். அந்தக் கூட்டாளியையும் கொண்டு வந்தார்கள். அவன் மூன்றாவது ஒருவன் பெயரைச் சொன்னான். மூன்றாம் நாள் ஜமாஅத்தார் என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்த எஸ்.ஐ. கெட்ட மனிதர் அல்லர். எங்களை உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார். “ஹஜ்ரத், மேலிருந்து தினமும் போன். கேஸைக் கண்டுபிடி, கண்டுபிடி என்கிறார்கள். எங்களுக்கு இதை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்” என்றார். அவர் நம்மை ஏமாற்றுவதற்காகப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு உண்மையிலேயே வேறு வழி தெரியவில்லை!

ஒன்றரை மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் ஒரு பழைய குற்றவாளி பிடிபட்டான். அவன் வீட்டில் இருந்த புடவைகளில் நம் கடையின் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. முதலாளி அழுதுகொண்டு பையன் வீட்டுக்குப் பணத்தோடு போனார். தாய் வாங்கவில்லை. பையனுக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை.

இதுதான் அந்தத் தம்பியின் கேள்விக்கு என் பதில். விசாரிக்கத் தெரியாத காவலரின் பலவீனத்துக்கு விலை கொடுப்பவர் யார்? காவலர் அல்லர். களவு கொடுத்தவரும், களவு செய்யாதவனும்தான்.

சகோதரர்களே, இது புதிய நோய் அல்ல. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க கம்பெனி அரசு ஒரு குழுவை அமைத்து, 1855-ஆம் ஆண்டிலேயே அது அறிக்கையும் கொடுத்தது. வரி வசூலிக்கவும், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் விரல்களைக் ‘கிட்டி’யில் வைத்து நசுக்கினார்கள் என்று அந்த அறிக்கை எழுதியது. நம் தமிழ்ச் சொல்லான கிட்டி, ஆங்கிலேயனின் அறிக்கையில் போய் ஏறிய விதம் அது! அதன் பிறகுதான், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861-இல் சட்டத்தில் வந்தது. 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகளாக நிலைத்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக அதே விதி தொடர்கிறது.

ஆனால் பழைய சட்டத்திலேயே 27-ஆம் பிரிவு என்று ஒரு சந்து இருந்தது. புதிய சட்டத்திலும் அந்தச் சந்தை அடைக்கவில்லை. வாக்குமூலம் செல்லாது, ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருள் சம்பந்தப்பட்ட வார்த்தை மட்டும் செல்லும். இதற்கு ஸ்டேஷனில் என்ன அர்த்தம் எடுத்துக் கொள்கிறார்கள்? பொருள் கிடைக்கும் வரை அடி! கபரஸ்தானைத் தோண்டியது அதற்காகத்தான். அந்தச் சாட்சியச் சட்டத்தை எழுதிய ஸ்டீபன் என்ற ஆங்கிலேயரே, சித்திரவதைக்குக் கொடூர குணம் மட்டும் காரணமல்ல, சோம்பலும் ஒரு காரணம் என்று அன்றைய அதிகாரி ஒருவர் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவது கஷ்டம். நிழலில் உட்கார்ந்து ஒருவனை வாட்டுவது சுலபம்.

இப்போது 2025-க்கு வாருங்கள். சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம். ஜூன் மாதம் 27-ஆம் தேதி, கோவிலுக்கு வந்தவர்களின் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார். காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கியவர் கோவில் காவலாளி அஜித்குமார். சீருடை இல்லாத தனிப்படை அவரை அழைத்துக் கொண்டு போனது. மறுநாள் அவர் மய்யித்! உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். கோவிலுக்குப் பின்புறம் வைத்து அவரை அடித்த காட்சியை ஒருவர் கைபேசியில் படம் பிடித்ததால் உலகம் அறிந்தது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நான் ஒரு மவ்லவி. எனக்குப் புலன்விசாரணை தெரியாது. எனக்கே தோன்றும் கேள்விகளைச் சொல்கிறேன், கேளுங்கள். நகையைக் கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? காரை ஓட்டி நிறுத்தியவர் யார்? சாவி எத்தனை கைகள் மாறியது? கார் எவ்வளவு நேரம் ஆளில்லாமல் நின்றது? எந்தெந்தக் கேமரா அந்த இடத்தைப் பார்க்கிறது? வழியில் எங்கேயாவது வண்டி நின்றதா? இந்த ஆறு கேள்விக்கும் நோட்டில் பதில் எழுத அரை நாள் போதும். அந்த அரை நாளைச் செலவழிக்கப் பழக்கியிருந்தால் ஒரு தாயின் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும். அவர் நம் சமுதாயத்துப் பிள்ளை அல்லர் என்பதற்காக இதை நாம் குறைத்துப் பேச முடியாது. லாக்கப்பின் சுவருக்கு ஜாதி மதம் தெரியாது.

நம் பிள்ளைகளின் கதைக்கும் வருகிறேன். அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

2006 ஜூலை 11. மும்பை புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள். 180-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்துக்களும் முஸ்லிம்களும் செத்தார்கள். 2015-இல் தனி நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21-இல் மும்பை உயர்நீதிமன்றம் அந்தப் பன்னிரண்டு பேரின் தண்டனையையும் ரத்து செய்தது. அதற்குள் ஒருவர் சிறையிலேயே இறந்துவிட்டார். மகாராஷ்டிர அரசு உச்சநீதிமன்றம் போயிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது, விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. இறுதி முடிவு நீதிமன்றத்தின் கையில். நான் உங்கள் கவனத்தை இழுப்பது உயர்நீதிமன்றம் சொன்ன காரணங்களின் மேல்.

அந்தக் காரணங்களைக் கேட்டால் வயிறு எரிகிறது. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதை நடத்தும் அதிகாரமே இல்லை. டாக்ஸி ஓட்டுநர் சாட்சிகள் நூறு நாட்களுக்கு மேல் கழித்துத்தான் வந்து முகம் நினைவிருக்கிறது என்றார்கள். வெவ்வேறு ஆட்கள் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலங்களில் ஒரே மாதிரியான பகுதிகள். கைப்பற்றிய பொருட்களுக்கு வைத்த சீலும் பாதுகாப்பும் நம்பும்படி இல்லை. என்ன வகைக் குண்டு வெடித்தது என்பதையே அரசுத் தரப்பு நிறுவவில்லை. இதில் பெரிய விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? சீல் வைப்பது, நேரம் எழுதுவது, சரியான அதிகாரியைக் கூப்பிடுவது, சாட்சியை உடனே விசாரிப்பது. பயிற்சிப் பள்ளியின் முதல் பாடங்கள்! அதில் தவறியதால் பன்னிரண்டு குடும்பங்களுக்கு 19 வருடம் போனது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, யார் குண்டு வைத்தார்கள் என்ற விடை இன்றும் கையில் இல்லை. அந்த விதவைகளுக்கும் அநீதிதானே இது?

அக்ஷர்தாம் வழக்கையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2002-இல் குஜராத்தில் கோவில் தாக்கப்பட்டது. கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக உருது கடிதங்களைக் காட்டினார்கள். உடம்பெல்லாம் குண்டு துளைத்திருக்கிறது, உடை ரத்தத்தில் நனைந்திருக்கிறது. கடிதத்தில் கிழிசலும் இல்லை, ரத்தக்கறையும் இல்லை! 2014 மே 16-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை நம்ப மறுத்து ஆறு பேரையும் விடுவித்தது. மூன்று பேர் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்தவர்கள்.

இங்கே இளைஞர்கள் குறுக்கிடுவீர்கள். “ஹஜ்ரத், இது தெரியாமல் செய்த தவறா? வேண்டுமென்றே செய்கிறார்கள். வேண்டுமென்றே செய்பவனுக்குப் பயிற்சி கொடுத்தால் இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்வான்.” இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். வன்மத்தோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தண்டனைதான் மருந்து, பயிற்சி அல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வன்மம் உள்ள ஒரு அதிகாரி தனியாக ஒரு வழக்கை ஜோடிக்க முடியாது. அவருக்குக் கீழே பத்துக் காவலர்கள் வேண்டும். எதையும் எழுதி வைக்காதவர்கள், நேரம் குறிக்காதவர்கள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் வேண்டும். பொருள் எத்தனை மணிக்கு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு காவலரும் எழுதிக் கையெழுத்திட்டுப் பழகிவிட்டால், பொய்யை நடுவில் நுழைக்க இடம் குறைந்துவிடும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும், நம்மைப் போன்ற கடைக்காரர்கள், ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்டு உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த இரவில் என்ன நடந்தது என்று அவரிடம் துணிந்து சொன்னவர் யார்? எஸ்.பி.யா? அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. அந்தத் துணிச்சல் அல்லாஹ் அவர் மனதில் போட்டது. கண்ணால் கண்டதைக் குறித்து வைப்பதும், கேட்டால் உள்ளபடி சொல்வதும் காவலரின் கடமை என்பதைப் பயிற்சிக் கூடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்பவருக்குத் துறை துணை நிற்கவும் வேண்டும்.

மதரஸாவில் ஓதியவன் என்பதால் எனக்கு இதில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ஒரு ஹதீஸை நாங்கள் எப்படி ஏற்கிறோம்? இஸ்னாத் கேட்போம். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய ஞாபக சக்தி எப்படி, நாணயம் எப்படி. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அறிவிப்பு பலவீனம். ரத்தக்கறை படிந்த சட்டைக்கும் இதே சங்கிலிதான் வேண்டும்: எடுத்தவர், உறையிட்டவர், சீல் வைத்தவர், கோர்ட்டுக்குக் கொண்டு போனவர், லேபில் பிரித்தவர். மிரட்டி வாங்கிய இக்ரார் செல்லாது என்பதையும் ஃபிக்ஹு கிதாபில் படித்தோம். எங்கள் உஸ்தாத் அந்தப் பாடத்தை அரை மணி நேரத்தில் தாண்டிப் போனார். அந்தக் காது கேளாத பையனைப் பார்த்த பிறகு, நான் அந்தப் பாடத்தை ஒரு வாரம் நடத்துகிறேன்.

உங்களில் எத்தனை பேருக்குக் காஜி அஜீஸுல் ஹக் என்ற பெயர் தெரியும்? ஒரு கையும் தூக்கவில்லை. தெரிந்து கொள்ளுங்கள். வங்காளத்தைச் சேர்ந்தவர், கணிதம் படித்தவர், போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். அந்தக் காலத்தில் கைரேகையைச் சேகரிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. லட்சம் கைரேகைகளில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. அஜீஸுல் ஹக் கணக்குப் போட்டு, பத்து விரல்களின் ரேகைகளையும் 1,024 அறைகளில் வகைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அவரோடு ஹேமச்சந்திர போஸ் என்ற சப்-இன்ஸ்பெக்டரும் உழைத்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தார்கள். 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டே இந்த முறைக்கு மாறியது. ஆனால் முறைக்குப் பெயர் என்ன? அவர்களின் மேலதிகாரியான ஹென்றியின் பெயர்! அது வேறு கதை.

அந்தக் கூடத்துக்கு ஆரம்பத்தில் வந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டிகள் சூறையாடப்பட்டிருந்தன. யார் மேல் சந்தேகம் வந்தது? தோட்டக் கூலிகள் மேல். துணியில் ரத்தம் இருந்த சமையல்காரர் மேல். மேலாளரோடு தொடர்பிருந்த ஒரு பெண்ணின் உறவினர்கள் மேல். பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த காபூலிகள் மேல். ஏழை, வேலைக்காரன், அந்நியன்! சந்தேகம் எந்தத் திசையில் ஓடும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். தடியை எடுத்திருந்தால் இந்த நான்கு வகையில் யாரோ ஒருவர் நிச்சயம் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அங்கே கிடந்த ஒரு பஞ்சாங்கத்தின் மேல் ரத்தக் கறையில் ஒரு விரல் பதிந்திருந்ததை ஒருவர் கவனித்து, அதை அழியாமல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்கனவே திருட்டில் தண்டனை பெற்ற முன்னாள் வேலைக்காரனின் விரலோடு அது பொருந்தியது. 1898-இல் திருட்டுக்காக அவனுக்குத் தண்டனை கிடைத்தது; கொலை செய்தது அவன்தான் என்று அந்த ரேகையை மட்டும் வைத்துச் சொல்ல நீதிமன்றம் துணியவில்லை. அந்த நிதானத்தையும் கவனியுங்கள்.

பஞ்சாங்கத்தைத் துடைக்காமல் எடுத்து வைத்த அந்தக் கையைத்தான் நான் பயிற்சி என்கிறேன். அவர் மட்டும் நம் பஜாருக்கு வந்த காவலரைப் போல அதைச் சட்டைப் பையில் போட்டிருந்தால், அஜீஸுல் ஹக்கின் கணக்கு முழுவதும் வீண்.

இந்த விஷயத்தில் ஆங்கிலேயனும் யோக்கியன் அல்ல. 1974 நவம்பரில் பர்மிங்காம் நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு அயர்லாந்துக்காரர்களைப் பிடித்து, அடித்து, ஒப்புதல் வாங்கினார்கள். அன்று இங்கிலாந்தில் அயர்லாந்துக்காரன் என்றாலே வெடிகுண்டுக்காரன். கையைச் சோதித்த ரசாயன நிபுணர் வெடிமருந்து இருக்கிறது என்றார். அவர்கள் ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தவர்கள். சீட்டுக்கட்டின் பூச்சே அந்தச் சோதனையில் அதே நிறத்தைக் காட்டும் என்று பிறகு தெரிந்தது! 16 வருடச் சிறைக்குப் பிறகு, 1991-இல் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்கள்.

அங்கே அடுத்து என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். 1984-இலேயே காவல்துறை விசாரணைக்கு ஒரு சட்டம் கொண்டு வந்து, விசாரணையை டேப்பில் பதிவு செய்ய வைத்திருந்தார்கள். பதிவு செய்த டேப்புகளைப் போட்டுக் கேட்டால், பல போலீஸாருக்குக் கேள்வி கேட்கவே தெரியவில்லை என்பது வெளிச்சமானது. ‘நீதானே செய்தாய்?’ என்பதைப் பத்து விதமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். எனவே 1990-களின் தொடக்கத்தில் சாதாரண கான்ஸ்டபிள் முதற்கொண்டு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? உட்காருவதற்கு முன் தயார் செய். எதற்காக விசாரிக்கிறாய் என்று அவனிடம் சொல். அவனை முழுவதும் பேச விடு, குறுக்கே விழாதே. அவன் சொன்னதைச் சரிபார்க்கும்படியான விவரங்களைக் கேள். முடித்த பிறகு, அவன் சொன்னது உன் கையில் இருக்கும் ஆதாரத்தோடு பொருந்துகிறதா என்று பார். பொய் சொல்கிறவன் நீளமாகப் பேசினால் தானே மாட்டுவான். நம் பஜாரில் சரக்கு வாங்கும் பழைய வியாபாரிக்கு இது தெரியாதா? எதிரியைப் பேச விட்டு, நாம் கணக்குப் பார்ப்போம்!

நம் நாட்டிலும் சட்டம் ஓடி முன்னால் நிற்கிறது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராவதற்கு ஐந்து வருட அவகாசம் வைத்திருக்கிறார்கள். 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் நிபுணர் மாவட்டத் தலைநகரிலிருந்து வருவதற்குள் இடத்தைக் காப்பவர் யார்? ஐ.ஜி.யா? ஸ்டேஷனில் அன்று பாராவில் இருந்த காவலர்தான்! நேற்று ஊர்வலப் பாதுகாப்புக்குப் போய்விட்டு இரவெல்லாம் தூங்காமல் வந்தவர். சட்டம் ஒழுங்கு வேலையையும் புலன்விசாரணை வேலையையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று 2006-இலேயே பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் போய்ப் பாருங்கள், ஒரே ஆள்தான் இரண்டுக்கும் ஓடுகிறார்.

அவருக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. போனவுடன் கயிறு கட்டு, ஆட்களை வெளியேற்று. உள்ளே வந்தவர் போனவர் பெயரையும் நேரத்தையும் எழுது. எதையும் நகர்த்தாதே, முதலில் படம் எடு. ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் கெட்டுப் போகும். காய வைத்துக் காகித உறையில் போடு. சாட்சிகளைச் சேர்த்து உட்கார வைக்காதே. ஒருவர் பார்த்தது மற்றவர் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். போட்டோவைக் காட்டி ‘இவன்தானே?’ என்று கேட்காதே. பிறகு அணிவகுப்பில் சாட்சி காட்டுவது அந்தப் போட்டோவில் பார்த்த முகத்தைத்தான். இதற்குக் கோடி ரூபாய் லேப் தேவையில்லை. கயிறு, கையுறை, காகித உறை, ஒரு நோட்டு. பிறகு, வருடா வருடம் திரும்பச் சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல ஆசிரியர்.

வணிகர்களே, உங்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். கடையில் களவு போனால் பெருக்காதீர்கள். கல்லாவைத் தொடாதீர்கள். வேடிக்கை பார்க்க வருபவரை, அது நானாகவே இருந்தாலும், வாசலில் நிறுத்துங்கள். கேமராப் பெட்டி சில நாளிலோ சில வாரத்திலோ பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். சம்பவம் நடந்த அன்றே பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். பெட்டியைப் போலீஸ் கொண்டு போனால் மகஜர் நகல் கேளுங்கள். அந்தப் பதிவு கோர்ட்டில் செல்ல 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; கையெழுத்துப் போட அஞ்சாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும், வாங்காமல் வராதீர்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் ‘நமக்கேன் வம்பு’ என்று ஷட்டரை இறக்காதீர்கள். நீங்கள் சாட்சி சொல்லாத இடத்தில்தான் அடி சாட்சி சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன், ‘ரெண்டு தட்டு தட்டுங்க சார்’ என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வர வேண்டாம்.

இளைஞர்களே, காவலர் தேர்வு வருகிறது என்றால் உங்களில் எத்தனை பேர் விண்ணப்பம் போடுகிறீர்கள்? தடயவியல் படிப்பைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறீர்களா? போலீஸ் நம்மைச் சந்தேகிக்கிறது என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அஜீஸுல் ஹக் விண்ணப்பம் போட்டார்.

ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை காவலர்களுக்கு இடம் காக்கும் பயிற்சியும் விசாரணைப் பயிற்சியும் கொடுத்தார்கள், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேட்கிறோம். உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டபடி ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்கின்றனவா, பதிவுகளை வைத்திருக்கிறார்களா என்றும் கேட்கிறோம். இதே கேள்விகளைத் தகவல் அறியும் சட்டத்தில் தனியாகவும் போடுகிறோம். வணிகர் சங்கத்தில் மற்ற சமுதாயத்துச் சகோதரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். மடப்புரமும் சாத்தான்குளமும் அவர்கள் வீட்டுத் துக்கம்.

முதல் கையெழுத்து ஏற்கனவே விழுந்துவிட்டது. அந்த ஜவுளிக்கடை முதலாளி போட்டது. பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இந்தக் கதையைச் சொன்னேன். அஸருக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம்.